மவுன்டன் பைக் வாங்கப் போறீங்களா? கியரை எண்ணும் முன் உங்கள் காலை அளந்து பாருங்கள்!

"சார், 21 கியர், டபுள் டிஸ்க், முன்னாடியும் பின்னாடியும் ஷாக் அப்சார்பர். இந்த ரேட்டுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது."

சைக்கிள் கடைக்குள் நுழைபவர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கியர், பிரேக், ஷாக், இ.எம்.ஐ. என்று எல்லாம் வரும். "உங்க உயரம் என்ன? எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க?" என்ற இரண்டு கேள்விகள் மட்டும் பல கடைகளில் வராது.

விளைவு என்ன? முதல் வாரம் இன்ஸ்டாகிராமில் போட்டோ. மூன்றாவது வாரம் முட்டி வலி. இரண்டாவது மாதம் அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கும் சைக்கிள். "நமக்கு சைக்கிளிங் செட் ஆகாதுப்பா" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அந்த சைக்கிளின் அளவுதான் நமக்கு செட் ஆகாமல் இருந்திருக்கும்.

சைஸ், ஃபிட், சஸ்பென்ஷன். இந்த மூன்றையும் புரிந்துகொண்டால் குறைந்த பட்ஜெட்டிலேயே வேகமாகவும் வலி இல்லாமலும் ஓட்டலாம். எப்படி என்று பார்ப்போம்.

இந்த சைக்கிள் எதற்காகப் பிறந்தது?

1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்ட்டி பகுதி இளைஞர்கள் தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைக்கு ஏற்றிச்சென்று, மண் பாதையில் வேகமாக இறங்குவதை விளையாட்டாக வைத்திருந்தார்கள். 1976-ல் அங்கே தொடங்கிய பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் அந்தக் கால பிரேக், ஒரு முறை மலை இறங்கியதும் சூட்டில் கிரீஸ் முழுவதையும் எரித்துவிடும். மறுபடி கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி போன்றவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். 1996 அட்லான்டா ஒலிம்பிக்கிலேயே மவுன்டன் பைக் போட்டி சேர்க்கப்பட்டுவிட்டது.

இதில் நமக்கான பாடம் ஒன்று உண்டு. தடித்த டயர், அகலமான ஹேண்டில்பார், ஷாக் எல்லாமே கரடுமுரடான பாதைக்காக வந்தவை. தார் ரோட்டில் அவை வேகத்தைக் கூட்டாது. பல நேரம் குறைக்கும்.

முதல் கேள்வி: எங்கே ஓட்டப் போறீங்க?

சைக்கிளின் ஃபிரேமிலோ, உடன் வரும் கையேட்டிலோ 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த பயன்பாட்டுப் பிரிவு அது. எல்லா சைக்கிளிலும் இருக்காது, ஆனால் பல சர்வதேச பிராண்டுகளில் இருக்கும்.

* பிரிவு 1: தார், சிமென்ட் சாலை மட்டும்.
* பிரிவு 2: ஜல்லி, மண் பாதையும் சரி. ஆனால் 15 செ.மீ.-க்கு மேல் உயரத்திலிருந்து குதிக்கக் கூடாது.
* பிரிவு 3: கரடுமுரடான காட்டுப் பாதை, சுமார் 60 செ.மீ. வரையிலான குதிப்புகள்.
* பிரிவு 4, 5: அதைவிட உயரமான குதிப்புகள், சரிவான மலை இறக்கப் பந்தயங்கள்.

பார்க்க முரட்டு மலை சைக்கிள் போலவே இருக்கும் பல பட்ஜெட் மாடல்கள், பிரிவு 2-ஐத் தாண்டாது. அதை வைத்துக்கொண்டு பாறைப் பாதையில் குதித்தால் ஃபிரேமோ ஃபோர்க்கோ முறியக்கூடும். போவது பல்லும் எலும்பும்.

அலுவலகத்துக்கு ஓ.எம்.ஆர்., வார இறுதியில் இ.சி.ஆர். என்றால் உங்களுக்கு மலை சைக்கிளே தேவைப்படாமல் இருக்கலாம். ஹைப்ரிட் போதும். தோண்டிப் போட்ட சாலை, ஏரிக்கரை, செம்மண் பாதை, எப்போதாவது ஏற்காடு மலை என்று கலந்து ஓட்டுவீர்கள் என்றால், முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள 'ஹார்ட்டெயில்' பொருத்தம். பாறையும் வேரும் நிறைந்த பாதையில்தான் வாரா வாரம் ஓட்டுவேன் என்பவர்களுக்கு மட்டுமே 'ஃபுல் சஸ்பென்ஷன்'. அப்படி ஓட்டுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

'26 இன்ச் வண்டி': எந்த இன்ச்?

கடையில் "26 இன்ச்" என்றால் அது சக்கரத்தின் அளவு. உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டியது ஃபிரேமின் அளவு. அதுவும் இன்ச்சில்தான் சொல்லப்படும். அப்பா காலத்து கறுப்பு சைக்கிளை "22 இன்ச்", "24 இன்ச்" என்று சொன்னது ஃபிரேமின் உயரத்தை வைத்து. சக்கரம் என்னவோ 28 இன்ச். இந்த இரண்டு இன்ச்களையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், "பெரியவங்களுக்கு 26, இன்னும் உயரமானவங்களுக்கு 29" என்ற தவறான கணக்கு புழங்குகிறது.

மவுன்டன் பைக்கில் ஃபிரேம் அளவு பொதுவாக 14 முதல் 22 இன்ச் வரை. தோராயமான கணக்கு இது:

* 150 – 160 செ.மீ. உயரம்: 14 இன்ச்
* 160 – 168 செ.மீ.: 15 – 16 இன்ச் (ஸ்மால்)
* 168 – 178 செ.மீ.: 17 – 18 இன்ச் (மீடியம்)
* 178 – 186 செ.மீ.: 19 – 20 இன்ச் (லார்ஜ்)
* அதற்கு மேல்: 21 இன்ச் முதல்

ஒவ்வொரு பிராண்டும் கொஞ்சம் மாறும். ஒரு நிறுவனத்தின் மீடியம், இன்னொன்றின் ஸ்மாலுக்குச் சமமாக இருக்கலாம். அதனால் அந்தந்த பிராண்டின் சைஸ் சார்ட்டைத் தேடிப் பார்ப்பது அவசியம். பல பட்ஜெட் மாடல்கள் ஒரே ஃபிரேம் சைஸில் மட்டும்தான் வரும். "எல்லாருக்கும் செட் ஆகும் சார்" என்று கடைக்காரர் சொன்னால், உஷார்.

உயரத்தை விட முக்கியம், காலின் நீளம்

ஒரே உயரமுள்ள இருவரின் கால் நீளம் ஒன்றாக இருக்காது. வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு ஜாண் இடைவெளி. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேல்நோக்கி அழுத்துங்கள். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரில் ஒட்டியிருக்கட்டும். மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். தரையிலிருந்து அந்தக் குறி வரை உள்ள தூரம்தான் உங்கள் உள்கால் அளவு.

இதை 0.226-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு இன்ச்சில் வரும். 0.883-ஆல் பெருக்கினால் சீட்டின் உயரம் செ.மீ.-ல் வரும். அதாவது பெடல் அச்சு சுழலும் மையத்திலிருந்து, சீட் கம்பியை ஒட்டியே சீட்டின் மேற்பகுதி வரை உள்ள தூரம். மூன்று முறை டூர் டி ஃபிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் மூலம் பிரபலமான கணக்கு இது.

உதாரணமாக, 170 செ.மீ. உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் உள்கால் 78 செ.மீ. அவருக்கு 17.6 இன்ச் ஃபிரேம், சீட் உயரம் 68.9 செ.மீ. இன்னொருவருக்கு 82 செ.மீ. அவருக்கு 18.5 இன்ச், சீட் உயரம் 72.4 செ.மீ. ஒரே உயரம்தான், ஆனால் சீட்டில் மூன்றரை செ.மீ. வித்தியாசம். நண்பரின் சைக்கிள் அவருக்கு சுகமாக இருக்கிறது என்பதற்காக அதே சைஸை நாமும் வாங்கினால் என்ன ஆகும் என்று புரிகிறதா?

இந்தக் கணக்கு தொடக்கப் புள்ளி மட்டுமே. இன்றைய மலை சைக்கிள்களில் மேல் பார் சரிவாக இருப்பதால், இன்ச்சை விட 'ரீச்' என்ற அளவுக்கு மதிப்பு அதிகம். பெடல் மையத்திலிருந்து ஹேண்டில்பார் பக்கம் ஃபிரேம் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே ரீச். பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்? வளைவு நெளிவான பாதை, சந்து பொந்து என்றால் சிறியது. நேரான பாதையில் நீண்ட தூரம் என்றால் பெரியது. ரொம்பவே சந்தேகமாக இருந்தால் சிறியதை எடுங்கள். சின்ன ஃபிரேமில் சீட்டை ஏற்றலாம், பின்னால் தள்ளலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழியில்லை.

"வளர்ற பையன், பெருசாவே எடுத்துடலாம்"

பள்ளிச் சீருடைக்குச் சரியான இந்தக் கணக்கு, சைக்கிளுக்குச் சரிவராது. வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்ற தலைமுறைக்கு, பெரிய சைக்கிள் ஒரு பொருட்டாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், இன்றைய போக்குவரத்தில் திடீரென பிரேக் பிடித்து இறங்கும்போது கால் தரைக்கு எட்டாவிட்டால், குழந்தை விழுவது பக்கத்தில் வரும் வண்டியின் மேல்தான். மேல் பாரின் மீது கால்களை இருபக்கமும் போட்டு நின்றால், பாருக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இது பெரியவர்களுக்கும் பொருந்தும். பிரேக் லீவரும் குழந்தையின் விரல்களுக்கு எளிதாக எட்ட வேண்டும்.

வலி எங்கே, கோளாறு எங்கே?

சரியான சைஸ் வாங்கியாச்சு. அடுத்தது ஃபிட். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டியில் தானாகவே லேசான மடிப்பு வந்துவிடும். அதுதான் வேண்டும்.

நம்மூரில் பலரும் செய்வது, "கால் தரையில் ஊன்றணும்" என்று சீட்டை இறக்கி வைப்பது. நின்றால் வசதிதான். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கி, சில வாரங்களிலேயே முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். சிக்னலில் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்று பழகிவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

உடம்பு சொல்லும் குறிப்புகள் இவை:

* முட்டியின் முன்பக்கம் வலி: சீட் தாழ்வாக இருக்கலாம், அல்லது ரொம்ப முன்னால் இருக்கலாம்.
* முட்டியின் பின்பக்கம் வலி, இடுப்பு ஆட்டம்: சீட் உயரம் அதிகம்.
* கழுத்து, தோள் வலி: ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கிறது.
* சுண்டுவிரல் மரத்துப்போவது: உடல் எடை கைகளில் இறங்குகிறது. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள்.
* உட்காரும் இடத்தில் வலி: சீட்டின் அகலம் உங்கள் இடுப்பெலும்புக்குப் பொருந்தவில்லை. மெத்தென்ற சீட் கவர் தற்காலிகத் தீர்வுதான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். ஒரு முறைக்கு 5 மி.மீ., பிறகு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். சீட் கம்பியில் 'இதற்கு மேல் இழுக்காதே' என்று ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் ஃபிரேம் உங்களுக்குச் சிறியது என்று பொருள். அப்படியே ஓட்டினால் கம்பி முறியும் ஆபத்தும் உண்டு. வலி வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சஸ்பென்ஷன்: சுகமா, சுமையா?

சஸ்பென்ஷனுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அமுங்கிய ஸ்பிரிங் துள்ளி எழாமல் மெதுவாகத் திரும்ப வைப்பது 'டேம்பர்', அதாவது உள்ளே இருக்கும் எண்ணெய் அமைப்பு. மலிவான ஷாக்குகளில் ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் அமுங்கும், உடனே குதிரை மாதிரி உதைக்கும். அதிர்ச்சியைக் குறைக்கும் கருவியே அதிர்ச்சி தருவதாக ஆகிவிடும்.

நல்ல சஸ்பென்ஷன் கரடுமுரடான பாதையில் வேகத்தையும் கூட்டும். காரணம், டயர் தரையை விட்டு எகிறாமல் ஒட்டியே ஓடுகிறது. பிடிமானம் இருந்தால்தான் பிரேக்கும் திருப்பமும். 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப்பில், மலை இறக்கப் பிரிவில் வென்ற கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் இருந்தது ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ஃபோர்க். ஒலிம்பிக்கின் 'கிராஸ் கன்ட்ரி' பிரிவிலும் 2016 ரியோவில் நினோ ஷுர்ட்டர், டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் டாம் பிட்காக் ஆகியோர் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில்தான் தங்கம் வென்றார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. கருங்கல் பதித்த சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தை 1992, 1993-ல் கில்பர்ட் டூக்ளோ-லசால் ஷாக் பொருத்திய சைக்கிளில் வென்றார். அடுத்த ஆண்டு ஆந்த்ரே ச்மில்லும் அப்படித்தான். ஆனாலும், அந்தப் பந்தயத்தில் ஷாக் நிலைக்கவில்லை. எஞ்சிய சாலையெல்லாம் எடையைச் சுமக்க வேண்டுமே! இன்று அங்கே ஓட்டுபவர்கள் அகலமான டயரையும் குறைந்த காற்றழுத்தத்தையும் நம்புகிறார்கள்.

நம் ஊர் சாலைக்கும் இதே கணக்குதான். பட்ஜெட் ஸ்பிரிங் ஃபோர்க்கின் எடை மட்டுமே இரண்டரை கிலோவைத் தொடும். அதோடு பின்பக்கமும் மலிவான ஷாக் என்றால், மொத்த எடை 17, 18 கிலோ வரை போகும். ஃபிளைஓவர் ஏறும்போது நீங்கள் மிதிக்கும் சக்தியில் ஒரு பகுதி, அந்த ஸ்பிரிங்கை அமுக்கி எழுப்புவதிலேயே போய்விடும். அதே பணத்தில் பின்பக்க ஷாக் இல்லாத ஹார்ட்டெயில் எடுத்தால் நல்ல பிரேக்கும் கியரும் கிடைக்கும்.

தார் ரோட்டில் வேகத்தின் முதல் எதிரி காற்று. மணிக்கு 20 கி.மீ.-லிருந்து 25 கி.மீ.-க்குப் போனால், காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ இரு மடங்காகிறது. அங்கே ஷாக் உங்களுக்கு உதவாது.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய செட்டிங்

ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கும் என்பது 'டிராவல்'. கலந்து ஓட்ட 80 முதல் 120 மி.மீ. போதும். 150-க்கு மேல் எல்லாம் செங்குத்தான மலை இறக்கத்துக்கு.

நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே ஃபோர்க் கொஞ்சம் அமுங்க வேண்டும். இதை 'சேக்' என்பார்கள். சாதாரண ஓட்டத்துக்கு மொத்த டிராவலில் 20 சதவீதம் சரி. 100 மி.மீ. ஃபோர்க் என்றால் 20 மி.மீ. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு கேபிள் டை கட்டி, கீழே தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்குங்கள். டை எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறதோ அதுதான் சேக். அளந்ததும் டையை வெட்டி எடுத்துவிடுங்கள். காற்று நிரப்பும் ஃபோர்க்கில் அதற்கான தனி பம்ப்பால் அழுத்தத்தை உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றலாம். இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க்கில் அந்த வசதி மிகக் குறைவு. 55 கிலோ எடை உள்ளவருக்கு அது அசையாது. 95 கிலோ உள்ளவருக்கு 'டக்' என்று அடியில் இடிக்கும்.

'லாக்-அவுட்' இருந்தால் தார் ரோட்டிலும் ஏற்றத்திலும் போட்டுவிடுங்கள். பள்ளம் மேட்டில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

காசில்லாத சஸ்பென்ஷன்: டயர்

டயரில் இருக்கும் காற்றுதான் உங்களின் முதல் ஷாக் அப்சார்பர். சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.1 இன்ச் டயரில், தார் ரோட்டுக்கு 35–40 பி.எஸ்.ஐ., மண் பாதைக்கு 25–30 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். பின் சக்கரத்தைவிட முன் சக்கரத்தில் ஓரிரு புள்ளி குறைவாக. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்ட வேண்டாம். டயரின் வால்வு பைக், கார் வால்வு போலவே இருந்தால் பெட்ரோல் பங்க்கிலேயே அடிக்கலாம். ஆனால் சைக்கிள் ட்யூப் சிறியது, நொடியில் நிரம்பிவிடும். கவனம்.

தினமும் தார் ரோடுதான் என்றால், பெரிய பெரிய கட்டைகள் கொண்ட டயரை மாற்றி வழுவழுப்பான டயர் போடுங்கள். வேகம் கூடுவதை முதல் நாளே உணர்வீர்கள்.

சக்கர அளவு? 29 இன்ச் பள்ளங்களை எளிதாகத் தாண்டும், எடுத்த வேகத்தைத் தக்கவைக்கும். 27.5 இன்ச் சட்டென்று வேகமெடுக்கும், எளிதாக வளையும். 160 செ.மீ.-க்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு 27.5 பெரும்பாலும் வசதி.

கடையில் 10 நிமிட டெஸ்ட்

1. உள்கால் அளவைக் குறித்துக்கொண்டு, ஓட்டும்போது போடும் அதே ஷூவுடன் போங்கள்.
2. பாரின் மேல் நின்று 5 செ.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள்.
3. சீட் உயரத்தை உங்களுக்கு ஏற்ப வைத்த பிறகே டெஸ்ட் ரைடு கேளுங்கள்.
4. ஓட்டும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். திருப்பத்தில் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது.
5. முன் பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை அமுக்கி விடுங்கள். உதைத்து எழுந்தால் டேம்பர் இல்லை.
6. சைக்கிளைத் தூக்கிப் பாருங்கள். மூன்றாவது மாடிக்கு உங்களால் சுமக்க முடியுமா?

ஆன்லைனில் வாங்கினால் பாதி பூட்டிய நிலையில் பெட்டியில் வரும். தெரிந்த மெக்கானிக்கிடம் 'ஃபிட்டிங்' கொடுப்பது நல்லது. வீட்டில் பூட்டுபவர்கள் ஃபோர்க்கை முன்பின் மாற்றி மாட்டிவிடுவது உண்டு. முன் டிஸ்க் பிரேக், ஓட்டுபவரின் இடது கைப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கடைசியாக பட்ஜெட். மொத்தத்தையும் சைக்கிளுக்கே கொட்டிவிடாதீர்கள். ஹெல்மெட், முன்பின் லைட், காற்றழுத்தம் காட்டும் பம்ப் ஆகிய மூன்றுக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் உங்கள் சைஸில் கிடைக்கும் வண்டியைப் பாருங்கள். பிடித்த கலர் உங்கள் சைஸில் இல்லையா? கலரை விட்டுவிடுங்கள், சைஸை விடாதீர்கள்.